சனிக்கிழமைத் தெருவில் யாரும் கறி தின்னாத வருஷம்

புரட்டாசி மாதம், யூதர்களின் புதுவருஷப் பண்டிகைக்கு முந்திய நாள் காலையில், பவளத்துறையின் சனிக்கிழமைத் தெருவில், யோம்தோவ் ஒரு செவலைக் கோழியின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, கத்தியின் வாயை நகத்தில் ஓட்டிப் பார்த்து, அறுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டிய துதியைச் சொல்லி முடித்தார். கோழி "ஆமென்" என்றது.

அவர் கோழியைக் கீழே விட்டார். துதியைச் சொல்லிவிட்டு அறுக்காமல் விட்டால் அது வீணான துதி, கடவுளின் பெயரைச் சும்மா கூப்பிட்ட பாவம். அதற்கென்று ஒரு பரிகார வாக்கியம் உண்டு, அதை முணுமுணுத்தார். பிறகு ஒரு கறுப்புக் கோழியை எடுத்தார். அதுவும் சொன்னது. சேவலை எடுத்தார். சேவல் அடித்தொண்டையில், பெரிய மனுஷத் தோரணையில் சொன்னது. யோம்தோவ் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் மனைவி சிம்ஹாவிடம், "கோழி ஆமென் சொல்லுது" என்றார்.

சிம்ஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எது, செவலையா? அதுக்கு எப்பவுமே கொஞ்சம் பக்தி ஜாஸ்தி" என்றாள்.

"மூணும் சொல்லுது."

"அப்ப இன்னிக்கு என்னத்தைச் சமைக்கிறது?" என்று கேட்டாள் சிம்ஹா. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கேட்ட கேள்வியும் அது ஒன்றுதான்.

அந்தத் தெருவில் இருந்தவர்கள் யூதர்கள். மிளகு வியாபாரத்தோடு கொச்சியிலிருந்து வந்து, பவளத்துறையில் தங்கி, தமிழ் பேசி, தமிழில் சண்டை போட்டு, எபிரேயத்தில் ஜெபம் செய்து வாழ்ந்தவர்கள். சனிக்கிழமை, முந்திய சாயங்காலமே தொடங்கும் சபாத் ஓய்வுநாள் என்று கடைகளை அடைத்துவிடுவார்கள், அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சனிக்கிழமைத் தெரு. பாதி வீட்டுக்காரர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட, மீதி இருந்த ஆண்கள் சரியாகப் பத்துப் பேர். பத்துப் பேர் கூடினால்தான் ஜெப ஆலயத்தில் முழு ஜெபம் நடக்கும், ஒன்பது பேர் கூடினால் அவரவர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பத்துப் பேரில் யோம்தோவ் ஒருவர், சட்டப்படி கோழியும் ஆடும் அறுத்துக் கொடுக்க அவர் ஒருவர்தான். அவர் கை படாத கறி அந்தத் தெருவில் எந்த அடுப்பிலும் ஏறாது.

ஜெப ஆலயத்துக்குத் தலைவர் தையல்காரர் எசக்கியேல். அவர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து, மூன்று கோழிகளையும் கேட்டார். ஆமென் காதில் விழுந்ததும் பழக்கத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குப் போய்ப் பழைய நூல்களையெல்லாம் புரட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஆமென் சொன்னதை அறுக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை. சொல்லும்னு யாரும் நினைக்கலை போல. உன் இஷ்டம் யோம்தோவ்."

"ஜெபத்துல நம்மளோட சேர்ந்துக்கிட்டா. அவளைப் போய் எப்படிண்ணே?" என்றார் யோம்தோவ்.

அவ்வளவுதான் விவாதம். கோழிகள் வேறு எதுவும் பேசவில்லை. பிள்ளைகள் பெயர் கேட்டுப் பார்த்தார்கள், கணக்குக் கேட்டுப் பார்த்தார்கள், கோழிகள் பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. யாராவது துதி சொன்னால் மட்டும் தலையைத் தூக்கி ஆமென் சொல்லிவிட்டு மறுபடி கிளறப் போயின.

சிம்ஹாவின் அண்ணன் நெகேமியாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. உப்பு வியாபாரி, நல்ல ஆகிருதி, வெள்ளிக்கிழமை ஈரல் வறுவல் இல்லாவிட்டால் சபாத் வந்ததாகவே ஒத்துக்கொள்ளாதவர். போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யோம்தோவின் நெஞ்சைச் சோதித்து, கறியையும் நெய்யையும் விடச் சொல்லி, யோம்தோவ் சிரித்துவிட்டு வந்த கதை அவருக்குத் தெரியும். அவர் தங்கையைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"நீ எதுவும் வேண்டிக்கிட்டியா?"

"நான் வேண்டினது இவருக்கு நாக்கு அடங்கணும்னுதான் அண்ணே. கோழிக்கு நாக்கு வரணும்னு வேண்டலை" என்றாள் சிம்ஹா.

புதுவருஷ விருந்துக்குப் பேரீச்சை உண்டு, மாதுளை உண்டு, பூசணி உண்டு, தட்டைப்பயறு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு, ஆனால் 'வாலாக அல்ல, தலையாக இருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள்ள ஆட்டுத் தலையோ மீன் தலையோ வேண்டும். மீனுக்கு அறுப்புத் துதி கிடையாது, மீன் வாங்கலாம் என்று நெகேமியாவே கூடையோடு கடற்கரைக்குப் போய் ஒரு பெரிய விளமீனை உயிரோடு கொண்டு வந்தார். அதற்குக் குரல் இல்லை. ஆனால் அவர் மகள் அபிகாயில் அதன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்ட பிறகு அது வேறெதையும் சொல்வதாகத் தோன்றவில்லை. நெகேமியா மறுபடி கடற்கரைக்கு நடந்து, அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார்.

"தலைக்கு என்ன பண்ணுவே?" என்று யோம்தோவ் கேட்டதற்கு, சிம்ஹா ஒரு தேங்காயை எடுத்து நடுவில் வைத்தாள். "குடுமி இருக்கு, கண்ணு இருக்கு. நம்ம ஊர்ல இதைவிடத் தலை ஏது?" என்றாள். எசக்கியேல் யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். காய்கறிக் கூடைக்காரி பேச்சியம்மா அன்றைக்குத் தெருவில் கூடை காலியானதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நீங்களும் புரட்டாசி விரதமா?" என்று கேட்டாள். "ஆமா. எத்தனை மாசம் ஓடும்னுதான் தெரியலை" என்றாள் சிம்ஹா.

தெருவின் விருந்துச் சமையல் எல்லாம் சிம்ஹாவுடையது. முதல் சபாத்துகள் பரிதாபமாக இருந்தன. சபாத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை அஸ்தமனத்துக்கு முன் தணலில் ஏற்றி, மூடியைச் சுற்றி மாவு பூசி, மறுநாள் மத்தியானம் திறக்கும் பெரிய பானையில் கோழிக்குப் பதில் சோயா உருண்டை போட்டாள், அது ஊறி ஊறி நனைந்த துணி மாதிரி வந்தது. காளான் போட்டாள், காணாமல் போனது. தெரு பொறுமையாகச் சாப்பிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு அழுதார்கள். பானையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள் சிம்ஹா தனக்குத்தானே சொல்வதுபோல அபிகாயிலிடம் சொன்னாள்: "கறி இருந்த இடத்தைக் காலியா வச்சுட்டு அதைச் சுத்திச் சுத்தியே சமைச்சிருக்கேன் பாரு. வராத விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி."

அதற்குப் பிறகு அவள் இலையை எடுத்துவிட்டாள். கொண்டைக்கடலையும் கோதுமையும் சின்ன வெங்காயமும், தோலோடு சேப்பங்கிழங்கும், நிறைய மிளகும், வறுத்து அரைத்த மல்லியும் போட்டு மாவு பூசி மூடினாள். மறுநாள் எசக்கியேல் மூடியைத் தட்டி எடுத்தபோது வந்த வாசனைக்கு அடுத்த தெரு நாய்கள்கூட வந்து நின்றன, யாரும் அழவில்லை. கூடாரப் பண்டிகைக்குத் தென்னோலைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, அரிசியும் புதினாவும் அடைத்த கத்தரிக்காயும் குடைமிளகாயும் சாப்பிட்டார்கள். ஐப்பசி மழையில் பந்தல் ஒழுகி எல்லாம் ரசமானது, அதையும் சாப்பிட்டார்கள். மார்கழியில் விளக்குத் திருநாள், எண்ணெய்ச் சட்டி இறங்காத நாட்கள், வாழைக்காய் பஜ்ஜியும் சுசியமுமாக ஒரே புகை. தை மாதத்தில் மரங்களின் புதுவருஷம் வந்தபோது பொங்கலுக்கு வந்து மிஞ்சிய பனங்கிழங்கை அவித்து, நார் உரித்து, கொய்யாவோடும் நெல்லிக்காயோடும் தட்டில் வைத்தார்கள். கோழி முட்டையை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆமென் சொல்கிறவளிடம் கேட்காமல் அவள் முட்டையை எடுப்பதா என்று யாரோ கேட்க, கேட்டால் பதில் வருமோ என்று பயந்து யாரும் கோழியிடம் கேட்கவில்லை. முட்டையெல்லாம் குஞ்சாயிற்று. குஞ்சுகள் கோழிகளாயின. தெருவில் நடக்க இடமில்லாமல் ஆயிற்று.

அந்தத் தை மாதத்தில்தான் அபிகாயிலுக்குக் கொச்சியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நெகேமியா ஒரு முடிவோடு இருந்தார். இந்தத் தெருக் கோழிகளெல்லாம் ஜெப ஆலய ஜன்னலுக்குக் கீழே வளர்ந்து காலையும் மாலையும் ஜெபம் கேட்டுக் கெட்டுப்போனவை என்பது அவர் கட்சி. அதனால் வடக்கே கரிசல்காட்டுக்கு ஆள் அனுப்பி, எபிரேயம் ஒரு சொல்கூடக் காதில் விழாத வெள்ளாடு ஒன்றை வேனில் ஏற்றி வரவைத்தார். கறுப்பு ஆடு, நெற்றியில் ஒரு வெள்ளை.

யோம்தோவ் மச்சானுக்காகக் கத்தியை எடுத்தார். தெரு கூடி நின்றது. துதியைச் சொல்லி முடித்தார். ஆடு பேசாமல் நின்றது. நெகேமியாவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. அப்போது ஆடு, புது ஊருக்கு வந்த மருமகள் பெரியவர்கள் முன்னால் வாய் திறப்பதுபோலத் தயங்கித் தயங்கி, கரிசல்காட்டு இழுப்போடு, "ஆ...மேன்" என்றது.

யோம்தோவ் கத்தியை இறக்கினார்.

"என்ன மாப்ளே, கை நடுங்குதா?"

"நடுங்கலை மச்சான். ஒரு நொடி அறுத்துடலாம்னே தோணிச்சு. அதான் பயமா இருக்கு."

"எம் மகளுக்குக் கல்யாணம். ஊர்க்காரன் முன்னால வாழைக்காயும் பூசணியும் போடச் சொல்றியா? காதுல பஞ்சை வச்சுக்கிட்டு அறு. மனசுக்குள்ள துதி சொல்லு. எதையாவது பண்ணு!"

"காதை அடைச்சாலும் அவ சொன்னது சொன்னதுதானே."

நெகேமியா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது யோம்தோவ் வீட்டு முற்றத்திலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் அது சினை என்று தெரிந்தது. மறுவாரம் சபாத்துக்கு நெகேமியா ஜெப ஆலயத்துக்கு வரவில்லை. அதற்கு மறுவாரமும் வரவில்லை. பத்து ஒன்பதாயிற்று.

அவர் இல்லாத ஜெப ஆலயம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. சத்தமாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் உதட்டுக்குள் சொன்னார்கள், தோரா வேதச் சுருள் பெட்டியிலேயே கிடந்தது. அரண்மனையில் அசைவம் தொடாமல் பருப்பும் விதையும் தின்று தன் ஜனத்தைக் காத்த ராணியின் திருநாள் மாசியில் வந்தது. சிம்ஹா விதவிதமாகச் சுண்டல் செய்தாள், பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள், ஆனால் பெரியவர்கள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன யோம்தோவைத் திருப்பித் திருப்பிச் சோதித்த டாக்டரம்மா, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னார். "அப்படியே சாப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா. அந்த நல்ல செய்தியைச் சொல்லிச் சிரிக்க மச்சான் இல்லையே என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு நடந்தார் யோம்தோவ்.

அபிகாயில் மட்டும் கொல்லைச் சந்து வழியாக அத்தை வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். நெகேமியாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்தார்.

எசக்கியேல் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "யோம்தோவ், அந்தச் சேவல் இருக்கே... நெகேமியாவைவிடத் திருத்தமா ஆமென் சொல்றான். பத்தாவதா அவனைச் சேர்த்துக்கிட்டா என்ன?"

"சேவல் ஆமென் சொல்லும்ணே. ஆனா அது என் மச்சான் இல்லையே" என்றார் யோம்தோவ்.

பங்குனி பிறக்கிற சமயம், சிம்ஹாவும் நெகேமியாவும் தங்கள் தாயைப் பறிகொடுத்த நாள் வரும். அன்றைக்கு மகன் எழுந்து நின்று கதீஷ் சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் துதி அது. பத்துப் பேர் கூடி நின்று ஆமென் சொன்னால்தான் அதைச் சொல்லவே முடியும். முந்திய நாள் சிம்ஹா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"நாளைக்கு அம்மா நாள்" என்றாள். பேப்பர் அசையவில்லை. அவள் வந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். மேல்மாடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த சிம்ஹா, வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எசக்கியேல் ஜெபப் புத்தகத்தை மூடப்போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நெகேமியா யாரையும் பார்க்காமல் வந்து தன் இடத்தில் நின்றார். ஜெபம் தொடங்கியது. கடைசியில் அவர் எழுந்து கதீஷை ஆரம்பித்தார்.

முதல் வரி முடிந்ததும் ஒன்பது ஆண்களும் ஆமென் சொன்னார்கள். மெலிந்த ஆமென். அது முடிவதற்குள் வெளியிலிருந்து வந்தது மற்றது. முற்றத்திலும் மதில்மேலும் கூரைமேலும் அடைய வந்திருந்த கோழிகள் அத்தனையும், சேவல்களும், கீச்சுக் குரலில் நேற்றுப் பொரித்த குஞ்சுகளும், எல்லாவற்றுக்கும் பின்னால் கொஞ்சம் தாமதமாகக் கரிசல்காட்டு ஆடும், ஒன்றாக ஆமென் சொன்னது ஜன்னல் வழியாக உள்ளே வந்து கூரை வரைக்கும் நிறைந்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரிந்த சத்தம்தான். எல்லா வீடுகளிலும் ஆள் இருந்தபோது, நெகேமியா அரைக்கால் சட்டையோடு தன் தகப்பன் பக்கத்தில் நின்றபோது, மேலே மாடத்தில் தாய் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஜெப ஆலயத்தில் ஆமென் அப்படித்தான் கேட்கும். அவர் அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. யோம்தோவ் பக்கத்தில் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் வெளியிலிருந்து பதில் வந்தது.

முடிந்ததும் நெகேமியா வெளியே போய் ஆட்டின் முன்னால் நின்றார்.

"'ஆமேன்' இல்ல. 'ஆமென்'. ரொம்ப இழுக்கக் கூடாது" என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார். அது அவர் துண்டை மென்று பார்த்தது.

பஸ்காவை எல்லாரும் நெகேமியா வீட்டில் கொண்டாடினார்கள். புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் வழக்கம்போல. பலி ஆட்டின் நினைவாகப் பண்டிகைத் தட்டில் வைக்கும் எலும்புக்குப் பதில் அவித்த பீட்ரூட் வைத்தார்கள், அதற்கு மட்டும் பழைய அறிஞர்களின் அனுமதியே இருந்ததில் எசக்கியேலுக்கு ரொம்பப் பெருமை. அதோடு வைக்கும் முட்டைக்குப் பதில் வெள்ளைத் தோல் மாறாமல் அவித்த பலாக்கொட்டை. சித்திரை முடியுமுன் ஆடு குட்டி போட்டது. வைகாசியில் வாரங்களின் பண்டிகை வந்தது. அது பாலும் பால்கட்டியும் சாப்பிடுகிற பண்டிகை. குட்டி முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு யாருக்கும் பால் கேட்க மனம் வரவில்லை. தேங்காய்ப்பாலில் பாயசம் வைத்தார்கள். குட்டி அதையும் வந்து முகர்ந்து பார்த்தது.

ஆனியில் கல்யாணம். கொச்சிச் சம்பந்தி மெனாகேம் ரயிலில் வந்து இறங்கியபோது, சொந்தக்காரர்களோடு, கத்திப் பெட்டி வைத்திருந்த ஒரு வாலிபனும் இறங்கினான். அவர்கள் ஊர் அறுப்புக்காரன்.

"உங்க ஆளுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். குத்தம் சொல்லலை. எங்க பையன் பார்த்துக்குவான். ஆட்டைக் காட்டுங்க" என்றார் மெனாகேம்.

யோம்தோவ் வாய் திறப்பதற்குள் நெகேமியா போய் ஆட்டுக்கும் குட்டிக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, மன்னிக்கணும். இவ எங்க அம்மா கதீஷுக்கு ஆமென் சொன்னவ."

"ஆடு சொன்னா என்ன, ஆட்டோக்காரன் சொன்னா என்ன? கறி இல்லாத கல்யாணம்னு எங்க ஆளுங்க ஆயுசுக்கும் பேசுவாங்க நெகேமியா. அது நல்லா இருக்காது. இப்படியே திரும்பிப் போறதும் நல்லா இருக்காது."

நெகேமியாவின் கை விரித்தபடியே இருந்தது, ஆனால் கண் மகளைத் தேடியது. மணப்பெண் கோலத்தில் வாசற்படியில் நின்ற அபிகாயில் இறங்கி வந்தாள்.

"மாமா, ராத்திரி முழுக்கப் பயணம். முதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்ட பிறகும் ஆடு வேணும்னு தோணிச்சுன்னா, நானே கயித்தைப் பிடிச்சுத் தர்றேன்."

நெகேமியா வாயைத் திறக்கப் போனார். சிம்ஹா அவரைப் பார்த்துப் பேசாமல் இருக்கும்படி கண்ணைக் காட்டினாள்.

பந்தி போட்டார்கள். பிஞ்சுப் பலாவை மிளகும் சோம்பும் போட்டுக் கறுக்கச் சுருட்டிய வறுவல், பேரீச்சையும் புளியும் சேர்ந்த கத்தரிக்காய்க் குழம்பு, பாசிப்பருப்பும் வெந்தயக்கீரையும், தேங்காய்ப்பால் சோறு, அதன்மேல் வறுத்த முந்திரியும் வெங்காயமும், வாழைப்பூ வடை. மெனாகேம் முதலில் மரியாதைக்குச் சாப்பிட்டார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். பிறகு பலா வறுவலைக் காட்டி, "இதுல என்ன எலும்பையே காணோம்?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது என்ன என்று உறைத்து, தானே சிரித்தார். கை கழுவி வந்து அறுப்புக்காரப் பையனைத் தேடினார். அவன் மூன்றாம் பந்தியில், முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டிவிட்டு, வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், எழுந்திருப்பியா?"

"எழுந்திருப்பேன் மாமா. குனியத்தான் முடியாது" என்றான் அவன்.

மெனாகேம் அவனைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "சரி, பந்தலுக்கு வாங்க. நேரம் ஆகுது" என்றார்.

சாயங்காலம் பெண்ணை ரயிலேற்றிவிட்டு வந்தபோது நெகேமியாவின் வீடு ஓய்ந்து கிடந்தது. யோம்தோவ் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பெரிய பானைகளைத் தேய்க்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து யாருமே சாப்பாடு போடாத ஒரே ஆள் நெகேமியா என்று சிம்ஹாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய சோற்றில் நீர் ஊற்றி, நார்த்தங்காய் ஊறுகாயும் சின்ன வெங்காயமும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"அங்க போய் என்னத்தைச் சாப்பிடுவா எம் மக? வருஷம் பூரா பண்டிகை. இன்னிக்கு நீ சமைச்ச மாதிரி அங்க யாரு அவளுக்குச் சமைச்சுப் போடுவா?"

"நான் எங்கண்ணே சமைச்சேன்?" என்றாள் சிம்ஹா. "நான் உப்பு மட்டும்தான் பார்த்தேன். விடியறதுக்கு முன்ன வந்து பலாவை அரிஞ்சதுல இருந்து வடை தட்டினது வரைக்கும் அவதான். தான் சமைச்சதோட ருசி தெரிஞ்சுதான் அப்படிக் கயித்தைப் பிடிச்சுத் தர்றேன்னு தைரியமாச் சொன்னா."

நெகேமியா சோற்றை ஓரமாகத் தள்ளி வைத்தார். காலையில் பந்தியெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாரையும் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லி, தான் ஒரு வாய்கூட வைத்துப் பார்க்கவில்லை. முற்றத்துப் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, அந்த வறுவல் பானையைத் தேய்ச்சுட்டியா?"

"இல்ல மச்சான்."

"அடியில ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

யோம்தோவ் பானையைத் தூக்கி வந்து அவர் மடிக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நெகேமியா கையை உள்ளே விட்டு, விரலால் ஓரம் ஓரமாக வழித்து வழித்துச் சாப்பிட்டார்.